ஆற்றங்கரையில் சுறாப் பல்

கேள்வி: ஆற்றங்கரையில் சுறாப் பல் பொறுக்கலாம் என்கிறீர்களே, சுறா எப்போது ஆற்றுக்குக் குடிவந்தது?

பதில்: சுறா வரவில்லை, சுறா இருந்த இடத்துக்கு ஆறு வந்தது. அமெரிக்காவின் மேரிலாந்தில், நாஞ்செமாய் பக்கத்துப் பொட்டோமாக் ஆற்றங்கரை ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடி. அந்தக் கடல் மணல்தான் இன்று கரைமேடாக நிற்கிறது. ஆறு அதன் அடியை அரிக்க அரிக்க, உள்ளே கிடந்த பற்கள் உதிர்ந்து கரையில் ஒதுங்குகின்றன.

கேள்வி: பல் மட்டும் கிடைக்கிறது. மீதிச் சுறா எங்கே?

பதில்: சுறாவுக்கு எலும்பு கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. நம் காது மடலில் இருக்கிறதே, அந்த மாதிரி. பெரும்பாலும் மட்கிப் போய்விடும். பல்லோ கெட்டி, எண்ணிக்கையும் ஏராளம். கல்யாணப் பந்தியில் ஒருவர் எழுந்திருக்கும் முன்பே அடுத்தவர் இலைக்குப் பின்னால் வந்து நிற்பாரே, அப்படித்தான் சுறாவின் வாயில் அடுத்த வரிசைப் பல் தயாராக நிற்கும். ஒரு சுறா தன் ஆயுளில் ஆயிரக்கணக்கில் பல் உதிர்க்கும்.

கேள்வி: இரண்டு மணி நேரம் நடந்தேன். கூழாங்கல்தான் கிடைத்தது. கண்ணில் கோளாறா?

பதில்: கண் நன்றாக இருக்கிறது, கால்தான் அவசரப்படுகிறது. அங்கே பொட்டோமாக்கில் கடலின் ஏற்றவற்றம் உண்டு. நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். அலை கடைசியாக விட்டுப்போன பொடிக்கல் வரிசை ஒன்று ஈர மணலில் கோடு போட்டதுபோல் கிடக்கும். அதன் பக்கத்தில் குந்தி உட்காருங்கள். நிறத்தைத் தேடாதீர்கள், பல் கருப்பாகவும் இருக்கும், சாம்பலாகவும் பழுப்பாகவும் இருக்கும். புதைந்திருந்த மண்ணின் தாதுக்கள் ஏற்றிய நிறம் அது. மினுக்கைத் தேடுங்கள். ஈரக் கல்லும் மின்னும், ஆனால் காய்ந்ததும் மங்கிவிடும்; பல்லின் பளபளப்பு காய்ந்தாலும் போகாது. இங்கே அதிகம் கிடைப்பது மணற்சுறா இனத்தின் பல்: தையல் ஊசியைச் சற்றே வளைத்ததுபோல் மெலிந்து நீண்டிருக்கும், அடியில் இரண்டு கால் பிரிந்த வேர். முதல் பல் அகப்படும்வரைதான் பாடு. அந்த வடிவம் கண்ணில் ஒட்டிக்கொண்டால், ஏற்கெனவே நடந்து வந்த இடத்திலேயே நாலைந்து கிடக்கும்.

கேள்வி: அழிந்துபோன ராட்சதச் சுறா மெகலடானின் உள்ளங்கை அகலப் பல் வேண்டும். அங்கே கிடைக்குமா?

பதில்: நாஞ்செமாயில் கிடைக்காது. அந்த மண் படிந்தபோது மெகலடான் பிறக்கவே இல்லை. ஆற்றோடு கீழே இறங்கி, வர்ஜீனியாவின் வெஸ்ட்மோர்லாந்து பக்கம் போங்கள்; அங்கே கரைமேடு வயதில் இளையது.

கேள்வி: மேட்டைக் கொஞ்சம் தோண்டினால் சீக்கிரம் கிடைக்குமே?

பதில்: கூடவே கூடாது. மேடு சரிந்தால் ஆளையே மூடிவிடும். வெஸ்ட்மோர்லாந்தில் தோண்டத் தடையும் உண்டு. தோண்டும் வேலையை ஆறு பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: இது சுறாப் பல்தான் என்று யார் கண்டுபிடித்தது?

பதில்: ஐரோப்பாவில் நெடுங்காலம் இதைக் கல்லாகிப்போன பாம்பு நாக்கு என்றுதான் நம்பினார்கள். 1666-இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பிடிபட்ட ஒரு பெருஞ்சுறாவின் தலையை நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற உடற்கூறு அறிஞர் அறுத்துப் பார்த்தார். அதன் வாயில் இருந்த பல்லும் அந்த ‘நாக்கு’ம் ஒரே வடிவம். அந்தப் பல் பாறைக்குள் எப்படிப் போனது என்று அவர் தேடப்போனதில், ஒரு மீன்தலை நிலவியலுக்கே வழி திறந்தது என்பதில் எனக்கு இன்னும் வியப்புத் தீரவில்லை.

கேள்வி: நம் ஊரில்?

பதில்: பெரம்பலூர் மாவட்டம் காரையில் உண்டு. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுப் பழமையான கடல் களிமண். ஆற்றின் வேலையை அங்கே மழைநீர் செய்கிறது. ஆனால் பையில் போட்டுவிடாதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பது போய்விட்டால் ஆய்வாளருக்குப் பாதி விஷயம் போய்விடும். படம் எடுத்துக்கொண்டு, கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: பொட்டோமாக்கில் என் மகள் எடுத்த பல்லில் நுனி இல்லை. தூக்கிப் போடுவதா?

பதில்: ஐயோ, வேண்டாம். முறிந்த இடத்தை விரலால் தடவச் சொல்லுங்கள். கூராக, வெளிறி இருந்தால் அண்மையில் உடைந்தது. மழமழவென்று, மற்ற பாகத்தின் நிறமே ஏறியிருந்தால் பழைய முறிவு. இரையைக் கடித்தபோதே போயிருக்கவும் கூடும். எந்தக் கரை, எந்தத் தேதி என்று அவள் கையாலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பல்லோடு டப்பாவில் வையுங்கள்.