வலக்கரை நாடா

எங்கள் ஊரான திருப்பருத்திக்குன்றத்தின் பெயரில் பருத்தி. எங்கள் வீட்டுத் தறியில் பட்டு. கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு. அப்பா தறியில் உட்கார்ந்தால், வலக்கரை நாடாவை வாங்கிக் கொடுக்கப் பக்கத்தில் நான் இருக்க வேண்டும். தறி ஓடாத நாளில் சமணர் கோயிலுக்கு ஓடுவேன். விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபத்தில் மல்லாந்து படுத்தால், கூரையில் தீர்த்தங்கரர் கதை வரிசை வரிசையாக விரியும். கழுத்து வலிக்கும்வரை பார்ப்பேன்.

பிறகு டிவி வந்தது. தூர்தர்ஷனில் கே.பாலசந்தரின் 'கையளவு மனசு' ஓடும்போது, டிவி இருந்த வீட்டுத் திண்ணை நிறைந்துவிடும். அதில் நடித்த பிரகாஷ்ராஜ் எங்களுக்குப் புதுமுகம். ஆனால் அவர், மாதம் 300 ரூபாய்க்குக் கன்னட நாடக மேடைகளில் உழைத்து, 'பிசிலு குதுரெ', 'குட்டத பூதா' என்று கன்னடத் தொடர்களில் பழகி வந்தவர். உடன் நடித்த நடிகை கீதா அவரைப் பாலசந்தரிடம் அறிமுகப்படுத்த, பிரகாஷ் ராய் பிரகாஷ்ராஜ் ஆனார். 1994-ல் பாலசந்தர் இயக்கத்தில் அவர் நடித்த 'டூயட்' படம் வந்தது.

2009-ல் அவர் நடித்த, பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' திரைக்கு வந்தது. அப்பாவும் நானும் அதை டிவியில்தான் பார்த்தோம். மகளைப் பட்டுடுத்திக் கட்டிக்கொடுப்பதாக வாக்குக் கொடுத்த நெசவாளி வேங்கடம், பட்டு நூலை வாய்க்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டு வருகிறான். அந்தக் காட்சியில் அப்பா எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "உங்கம்மா நூல் புடவை கட்டிக்கிட்டுத்தான்டா மணையில உக்காந்தா."

வேங்கடமாக வாழ்ந்ததற்குப் பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது கிடைத்தது. 2010-ல் அவர் முதன்முதலாக இயக்கிய 'நானு நன்ன கனசு', தமிழில் அவரே தயாரித்து நடித்த 'அபியும் நானும்' படத்தின் கன்னட வடிவம். அதுவும் ஓர் அப்பா, மகள் கதை. இத்தனை வருடம் அடுத்தவர் படங்களில் நின்று பழகிய பிறகே அவர் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பொறுமையை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

இன்று எங்கள் தெருவில் தறிச்சத்தம் குறைந்துவிட்டது. சென்னையில் விஸ்காம் முடித்த என் மகள், தாத்தாவைப் பற்றிக் குறும்படம் எடுக்க வந்திருக்கிறாள். வந்து மூன்று மாதம் ஆகிறது. கேமரா இன்னும் பையில்தான் இருக்கிறது. தினமும் காலையில் தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலக்கரை நாடாவை வாங்கிக் கொடுக்கிறாள். நேற்றுதான் முதல்முறையாக இழை அறாமல் ஒரு சாண் ஓடியது.