மலையேறு வண்டி இலக்கணம்

நூல் செய்கிறவர் முதலில் எல்லை சொல்ல வேண்டும், கேட்போர் யாரென்று சொல்ல வேண்டும், பயன் சொல்ல வேண்டும். இந்நூலின் எல்லை வடக்கே ஆழியாறு சோதனைச் சாவடி, தென்மேற்கே மளுக்கப்பாறை சோதனைச் சாவடி, நடுவே வால்பாறை. கேட்போர், எஸ்.யு.வி. வாங்குவதா லீசுக்கு எடுப்பதா என்று மூன்று தீபாவளியாக வீட்டில் பேசிக்கொண்டிருப்பவர்கள். பயன், நான்காவது தீபாவளிக்குள் அந்தப் பேச்சு முடிவது.

வண்டி இயல்

எஸ்.யு.வி. என்பது யாது என்ற வினாவுக்கு விடை கண்ட ஆசிரியர்களுள் தலையாயவர் ஜி.எஸ்.டி. கவுன்சில். 2022 டிசம்பரில் கூடிய 48-வது கூட்டத்தில் அவர் நான்கு இலக்கணம் வகுத்தார். எஞ்சின் 1500 சி.சி.க்கு மேல் இருக்க வேண்டும். நீளம் 4000 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இடைவெளி 170 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். நான்காவது, மக்கள் அதை எஸ்.யு.வி. என்று அழைக்க வேண்டும்.

இந்த நான்காம் விதியைக் கண்டு நான் மனம் நெகிழ்ந்தேன். வரி அதிகாரி தெருவில் இறங்கி, "ஏனுங்க, இத நீங்க என்னன்னு கூப்புடுவீங்க?" என்று கேட்டு வரி போடுவது இலக்கண வரலாற்றில் புதுமை. நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் 50-வது கூட்டம் கூடி, எந்தப் பெயரால் அழைத்தாலும் அளவு பொருந்தினால் போதும் என்று திருத்திவிட்டது. கூடவே, அந்த 170 மில்லிமீட்டரை ஆள் ஏறாத வண்டியில்தான் அளக்க வேண்டும் என்றும் தெளிவாக்கியது. ஆள் ஏறாத வண்டிக்கு வால்பாறையில் என்ன வேலை? ஐந்து பேர், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய காய்கறி எல்லாம் ஏறிய பிறகு மிஞ்சுகிற இடைவெளிக்கே இந்நூல் மதிப்பளிக்கும்.

சட்டத்துக்குத் தலைவணங்கிய வண்டிகளும் உண்டு. 2006 பட்ஜெட்டில் நாலு மீட்டருக்கு உட்பட்ட சிறு கார்களுக்கு வரி குறைந்ததும் கம்பெனிகள் அளவுநாடாவை எடுத்துக்கொண்டன. பொலிரோ, நெக்ஸான், பிரெஸ்ஸா, வென்யூ, சோனெட் எல்லாம் 3995 மில்லிமீட்டரில் வந்து நிற்கின்றன. ஐந்து மில்லிமீட்டர் பணிவு. 2025 செப்டம்பர் 22 முதல் அந்தப் பணிவுக்குக் கூலி 18 சதவீத வரி, பணியாதவருக்கு 40. நீளத்தில் மட்டும் பணிந்தால் போதாது: பெட்ரோல் என்றால் 1200 சி.சி., டீசல் என்றால் 1500 சி.சி. தாண்டக்கூடாது. பாவம், 1462 சி.சி. பெட்ரோல் எஞ்சின் வைத்த பிரெஸ்ஸா நீளத்தில் தேறி எஞ்சினில் தோற்று 40-க்குப் போய்விட்டது.

இனி மலைநாட்டார் வகுப்பு. மரபின்படி நூல்கள் முதல், வழி, சார்பு என மூன்று. முதல்நூல் ஜீப். 1940-களின் இறுதியில் மகிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பை ஒன்றுசேர்க்கத் தொடங்கியபோது தோன்றியது; எஸ்டேட் துரைமார் ஏறியது; இன்றும் முடீசிலும் உருளிக்கல்லிலும் ஆள் எண்ணிக்கை பார்க்காமல் ஏற்றிக்கொண்டு போவது. வழிநூல் 2000-ல் வந்த பொலிரோ: இப்போது மூன்று சிலிண்டர் டீசல், பின்சக்கர இழுவை, பின்னால் பட்டை ஸ்பிரிங், முதுகெலும்புக்கு எந்த மரியாதையும் இல்லை. மற்ற யாவும் சார்புநூல். தார் வண்டியை எதில் சேர்ப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முதல்நூலின் பேரன் என்பர் ஒரு சாரார். பேரன்தான், ஆனால் காலேஜில் படிக்கிறவன் என்பர் ரொட்டிக்கடை ஊரார். பின்சீட்டுக்கு ஏற முன்சீட்டை மடக்கச் சொல்லும் மூன்று கதவு வண்டியில் பாட்டியை ஏற்றிப் பார்த்தவர்கள் ரொட்டிக்கடையார் பக்கம்.

ஓட்டியல்

கோவையில் ஓட்டிப் பார்க்கும் களம் அவிநாசி சாலை. 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி.நாயுடு மேம்பாலம் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர். வளைவு இல்லை, மேடு இல்லை, மாடு இல்லை. அதில் ஓடினால் எந்த வண்டியும் நல்ல வண்டி. வால்பாறைச் சாலையோ ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளில் சுமார் 3,500 அடி உயரத்துக்கு ஏறுவது. மேம்பாலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு மலைக்கு வண்டி வாங்குகிறவர், கல்யாண மண்டபத்தில் பெண்ணைப் பார்த்துவிட்டுச் சமையலுக்குச் சான்றிதழ் கொடுக்கிறவர்.

ஓட்டிப் பார்ப்போர் ஐவகை என்ப.

முதல் வகை இருக்கையர். உட்கார்ந்து சீட்டை முன்னே தள்ளி, பின்னே தள்ளி, ஹாரன் அடித்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குதுங்க" என்று இறங்கிவிடுவார். இரண்டாம் வகை திரையர். நடுவிலிருக்கும் தொடுதிரையையும் மேலே திறக்கும் சன்ரூஃபையும் விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். சின்னக்கல்லாறு மழைக்கும் புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்குக்கும் நடுவே சன்ரூஃப் எத்தனை நாள் திறந்திருக்கும் என்பதை அவர் வாங்கிய பிறகு ஆராய்வார். மூன்றாம் வகை மச்சான். பணம் கொடுப்பவர் பின்னால் உட்கார்ந்திருக்க ஸ்டீயரிங்கைப் பிடிப்பவர் இவர். யூடியூபில் கற்றது அத்தனையும் விற்பனைப் பையனிடம் திருப்பிச் சொல்வார். நான்காம் வகையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: எடுக்கப் போவதே இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஏசி காற்றுக்கு வந்தவர்.

ஐந்தாம் வகையே இந்நூலுக்குப் பிரமாணம். அவர் வாங்குகிறவர் இல்லை; வாங்குகிறவர் கூட்டிவந்த எஸ்டேட் டிரைவர். தலை நரைத்தவர். ஷோரூமில் காபி வேண்டாம் என்பார். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து, குனிந்து அடிப்பக்கம் பார்ப்பார். அவருக்கும் விற்பனைப் பையனுக்கும் நடக்கும் உரையாடலை நூற்பாவாகவே கொள்ளலாம்.

"ஏனுங் தம்பி, மலை ஏறுமுங்களா?"

"சூப்பரா ஏறுமுங்ணா. ஹில் ஹோல்டு இருக்குதுங்."

"ஏறட்டுமுங். எறங்குமுங்களா?"

பையன் கையிலிருந்த விளம்பரத் தாளைப் புரட்டுகிறான். அதில் ஏற்றத்துக்கு நியூட்டன் மீட்டர் எழுதியிருக்கிறது, இறக்கத்துக்கு எதுவும் எழுதவில்லை.

ஏறுதல் எளிதே, இறங்கல் தேர்க.

இதன் பொருள்: ஏற்றத்தில் திணறும் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். இறக்கத்தில் திணறும் வண்டி நிற்காது. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்பது மலைப் பாடத்தின் முதல் வரி. எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். பிரேக் காலடியில் ஓய்வாக இருக்க வேண்டும். நியூட்ரலில் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற சமவெளிக்காரர் நாலைந்து வளைவு தாண்டுவதற்குள் பிரேக் ஷூ கருகும் வாசனையை முகர்வார். ஆகவே தானியங்கிக் கியர் வண்டியானால், இறக்கத்தில் அது கீழ்க்கியரில் நிற்கச் சொன்னால் நிற்கிறதா, தானாக மேலே தாவிவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்றத்திலும் ஒன்று உண்டு: ஒன்பதாவது வளைவான லோம்ஸ் வியூவில் நிறுத்தி, மறுபடி எடுக்க வேண்டும். டர்போ டீசல்கள் பல 1500 சுற்றுக்குக் கீழே தூங்குகிறவை. வளைவில் வேகம் குறைந்து, இரண்டாம் கியரில் எஞ்சின் மூச்சுவாங்கி, முதல் கியருக்கு மாற்றுகிற அந்த ஒரு நொடியில் வண்டி பின்னால் ஒரு சாண் நகர்கிறதா என்பதே கேள்வி. பின்னால் அரசுப் பேருந்து நிற்கும். அதன் டிரைவர் மாலைக்குள் இன்னொரு நடை போக வேண்டியவர். ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஏறமுடியாமல் நிற்கிற வண்டிக்கு என்ன செய்வது என்று விதி எதுவும் சொல்லவில்லை.

கவர்க்கல்லில் பனிமூட்டச் சோதனை. வெளிக்கண்ணாடியை வைப்பர் துடைக்கும். உள்கண்ணாடியில் ஐந்து பேரின் மூச்சு படியும். ஏசியை எந்தப் பொத்தானில் போட்டால் அது கலைகிறது என்பது திரையருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிவதில்லை. பின்சீட்டுச் சோதனைக்குக் கருவி எலுமிச்சம்பழம். பழத்தை முகராமல் பெரியவர் எத்தனையாவது வளைவு வரை வருகிறாரோ அதுவே வண்டியின் சஸ்பென்ஷன் மதிப்பெண். பத்துக்கு மேல் வந்தால் தேர்ச்சி.

உடைமை இயல்

"என் வண்டி" என்று ஒருவர் சொல்லும்போது அதில் ஐந்து படி உண்டு. ரொக்கம் கொடுத்தது. ஈ.எம்.ஐ. கட்டுவது, அதாவது ஆர்.சி. புத்தகத்தில் பாங்கின் பெயரும் ஏறி, கடைசித் தவணை கட்டிப் படிவம் 35 கொடுத்து நீக்கும்வரை பாங்கும் கூடவே பயணம் செய்வது. லீசுக்கு எடுத்தது. கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துப் போட்ட வாடகைக் கார், செல்ஃபி எடுக்கும்போது மட்டும் என் வண்டி. ஐந்தாவது மச்சான் வண்டி. இதற்குப் பெட்ரோல் போடாமல் திருப்பிக் கொடுப்பது மரபு.

லீஸ் என்றதும் நம் ஊரில் வீட்டு லீஸ் நினைவுக்கு வரும்: பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையை அப்படியே வாங்கிக்கொள்வது. கார் லீசில் அப்படி எதுவும் திரும்பாது. மாதாமாதம் வாடகை. இன்சூரன்ஸ், சர்வீஸ், சாலை வரி பெரும்பாலும் அதற்குள் அடக்கம். மூன்று நாலு வருடம் கழித்து வண்டியைக் கம்பெனிக்கே கொடுத்துவிட வேண்டும். சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனியில் சம்பளத்திலிருந்தே லீஸ் பிடிக்கிறவருக்கு வருமான வரியில் மிச்சமும் உண்டு. அவருக்கு இது நல்ல ஏற்பாடு. அவர் மலைக்கு வருவது வருடத்துக்கு ஒருமுறை.

வால்பாறைக்காரர் கணக்கு வேறு. லீஸ் ஒப்பந்தத்தில் வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு இருக்கும். 12,000 என்று கொள்வோம். பொள்ளாச்சிக்குப் போய்வர 128 கிலோமீட்டர். பெரிய ஆஸ்பத்திரியும் மொத்தக் கடையும் அங்கேதான். வாரம் ஒரு நடை என்றாலே 6,656 ஆகிவிடுகிறது. இனி கோவைக் காலேஜில் படிக்கும் பிள்ளை, பழனி முருகன், சாலக்குடிக் கல்யாணம். தாண்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் காசு. திருப்பிக் கொடுக்கும்போது "நியாயமான தேய்மானம்" என்றொரு சொற்றொடர் வரும். கிளட்ச் எவ்வளவு தேய்ந்தால் நியாயம் என்பதை 40 வளைவு பார்க்காத ஒருவர் கோவையில் உட்கார்ந்து முடிவு செய்வார்.

எண்ணிலும் பார்த்துவிடுவோம். 11 லட்ச ரூபாய் வண்டி என்று வைத்துக்கொள்வோம். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை ஆயுள்வரி 18 சதவீதம், அது 1,98,000. இன்சூரன்ஸ் முதலானவை சேர்த்து சாலைக்கு வரும்போது பதின்மூன்றரை லட்சம். 10 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் தவணை ஏறக்குறைய 20,760. கைப்பணத்தோடு மொத்தம் 16 லட்சம். ஐந்து வருடத்தில் டயர், சர்வீஸ், இன்சூரன்சுக்கு இரண்டரை லட்சம். கடைசியில் 5 லட்சத்துக்கு விற்றால் நிகரச் செலவு பதின்மூன்றரை. லீஸ் வாடகை மாதம் 30,000 என்றால் அதே ஐந்து வருடத்துக்கு 18 லட்சம், கையில் மிஞ்சுவது சாவிவளையம். இந்தப் பகுதிக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. ஜி.டி.நாயுடுவே 1920-ல் ஸ்டேன்ஸ் துரையிடம் கடன் வாங்கித்தான் ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்டினார். வாடகைக்கு எடுத்திருந்தால் மேம்பாலத்துக்கு வேறு பெயர் தேட வேண்டியிருந்திருக்கும்.

எண்ணுக்கு அகப்படாத காரணம் ஒன்றும் உண்டு. எஸ்டேட்டில் வேலை செய்கிறவருக்கு லயன் வீடு எஸ்டேட்டுடையது. முப்பது வருடம் கொழுந்து பறித்தாலும் ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். நெல்லை மாஞ்சோலையில் எஸ்டேட் நிலமே குத்தகை. 1929-ல் 99 வருடத்துக்கு எழுதியது. 2028-ல் முடிய வேண்டியது, 2024-லேயே தொழிலாளர்களை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். கூரையும் தரையும் இன்னொருவருடையதாக இருக்கிற ஊரில், வாசலில் நிற்கிற நாலு சக்கரமாவது தன் பெயரில் இருக்கட்டும் என்று ஒரு குடும்பம் நினைத்தால் அதை வீண் ஆசை என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் சொல்லக்கூடாது. மலையை விட்டு இறங்குகிற நாளில் சாமான் ஏற்றிப் போகவாவது அது உதவும்.

புறனடை

மூன்று வருடப் பணிக்கு வந்த பாங்க் மேனேஜர், டாக்டர், எஸ்டேட் உதவி மேலாளர் ஆகியோர்க்கு சொந்தமாக வாங்குக என்ற விதி பொருந்தாது. மாற்றல் வந்தால் வண்டியை விற்க அலைய வேண்டியிராது என்பதால் அவர்கள் லீசுக்கு எடுக்கலாம். கிலோமீட்டர் வரம்பை மட்டும் கூட்டி எழுதிக்கொள்ள வேண்டும். மற்றவர் எல்லாம் வாங்குக. புதிது முடியாவிட்டால் ஐந்து வயதுப் பொலிரோவை, எஸ்டேட் டிரைவர் ஒருவரைக் கூட்டிப்போய் வாங்குக. தாருக்குப் பிள்ளைகள் அடம்பிடித்தால் பாட்டியைப் பின்சீட்டில் ஏற்றிக் காட்டுக.

ஒரே ஒரு வேண்டுகோள். ஷோரூமில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுமுன், ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு ஆழியாறு தாண்டி ஒன்பதாவது வளைவு வரை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். 2025 நவம்பர் முதல் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், அதையும் அவர்களையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். அவ்வளவு தூரம் தரமாட்டோம் என்று சொல்கிற கடையில் வண்டி எடுக்காதீர்கள்.