எட்டும் முப்பத்தொன்றும்

கேள்வி: லண்டனில் இருக்கும் என் தம்பி மகன், பைக் லைசென்ஸ் எடுப்பதற்குள் பர்ஸ் காலி என்று புலம்புகிறான். நம்மூரில் 'எட்டு' போட்டால் முடிந்ததே?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: அங்கேயும் எட்டு உண்டு. எட்டோடு விடமாட்டார்கள், அவ்வளவுதான். 2009-ல் ஓட்டும் தேர்வை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் பாதியில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, சட்டென்று வண்டியை வளைத்து விலக வேண்டும். ஐரோப்பிய விதி. மைல் கணக்கில் அது 31. பிரிட்டனில் ஊருக்குள் வேக வரம்போ 30! சாலையில் அந்தத் தேர்வை விதிப்படி வைத்தால் வேகச் சட்டத்தை மீற வேண்டும். தப்பிக்கத் தனி மைதானங்கள் தேடினார்கள். அவை குறைவு என்பதால், பலருக்குத் தேர்வை விடத் தேர்வுக்குப் போகிற தூரம் பெரிதாகிவிட்டது.

அரசுக் கட்டணம் பெரிதில்லை: கணினித் தேர்வுக்கு 23 பவுண்டு, மைதானத்தில் நடக்கும் முதல் பாதிக்கு 15.50, சாலையில் நடக்கும் இரண்டாம் பாதிக்கு 75. பர்ஸைக் கடிப்பது பயிற்சிப் பள்ளிதான். வண்டி வாடகை, ஆசிரியர், நாள் கணக்கு எல்லாவற்றுக்கும் அவர்கள் வைத்ததுதான் விலை.

ஆனாலும் சாலைத் தேர்வில் தேர்வாளர் பின்னாலேயே வண்டியில் வந்து, காதுக்குள் வழி சொல்கிறார். நம்மூர் ஆய்வாளரை மரத்தடியிலிருந்து கிளப்ப எத்தனை பவுண்டு ஆகும், சொல்லுங்கள்?