கூழ் இல்லாத மீசை

நான் குடியிருக்கும் கார்ஹிங்கின் நகரச் சின்னத்திலேயே முட்டை இருக்கிறது. கோழி முட்டை இல்லை, அணு முட்டை. ஜெர்மனியின் முதல் அணு உலை 1957-இல் இங்கேதான் ஓடத் தொடங்கியது. முட்டை வடிவக் கூரை என்பதால் ஊர்க்காரர்கள் அப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள். 2000-இல் உலையை நிறுத்தினாலும் சின்னம் நிலைத்துவிட்டது. மியூனிக்கிலிருந்து யு6 ரயிலில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் ஆராய்ச்சி வளாகம். அங்கே மாக்ஸ் பிளாங்க் பிளாஸ்மா இயற்பியல் நிறுவனத்தில் சூரியனின் மையத்தைவிடச் சூடான பிளாஸ்மாவை உண்டாக்குகிறார்கள். அதே வளாகத்துக்கு வேலைக்குப் போகும் நம்மூர்ப் பிள்ளைகளால் இடுப்பைச் சுற்றியிருக்கும் நாலு கிலோவை எரிக்க முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் அடியேனும் ஒருவன்.

தொப்பை குறைய வேண்டும், தோள் திரள வேண்டும், இரண்டும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்கள். கீட்டோவில்தான் கூழே கிடையாதே, மீசையாவது மிஞ்சும் என்று இறங்கினேன்.

கீட்டோ ஜிம்காரர்கள் கண்டுபிடித்த உணவுமுறை இல்லை. 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோயாளிகளுக்காக முன்வைத்தது. மாவுச்சத்தை நாளுக்கு 50 கிராமுக்குள், கறாராக இருப்பவர்கள் 20-க்குள் நிறுத்தினால், கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் தயாரித்து உடம்பை ஓட்டும். இதன் பங்காளியான பேலியோ உணவுமுறையை நியாண்டர் செல்வன் தமிழில் பரப்பிய பிறகு, நம் வீடுகளில் பாதாமை நகை மாதிரி எண்ண ஆரம்பித்தார்கள்.

முதல் வாரம் எடை மளமளவென்று இறங்கும். ஊருக்கெல்லாம் சொல்லத் தோன்றும், சொல்லாதீர்கள். போனதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்திருக்கும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. கிளைகோஜன் கரைந்தால் தண்ணீரும் கிளம்பிவிடும், கூடவே உப்பும். தலைவலி, கிறுகிறுப்பு எல்லாம் அதனால்தான். வெள்ளைக்காரர்கள் எலும்பு சூப் குடிப்பார்கள். நான் தெளிந்த மிளகு ரசத்தில் உப்பைத் தூக்கலாகப் போட்டு டம்ளர் டம்ளராகக் குடித்தேன்.

நான் இருக்கும் பவேரியா மாநிலம் கீட்டோக்காரர்களின் சொர்க்கம் மாதிரித்தான் தெரியும். வெள்ளைத் தொத்திறைச்சி, சீஸ், வெண்ணெய், லேபர்கேஸ் என்னும் சுட்ட இறைச்சிக் கட்டி எனத் திரும்பிய பக்கமெல்லாம் கொழுப்பு. பிரெட்ஸெலையும் பீரையும் மட்டும் பார்க்காத மாதிரி நடந்துவிட வேண்டும். ஆனால் லேபர்கேஸில் புரதத்தைப் போல இரண்டு மடங்கு கொழுப்பு. அதைத் தின்றால் கீட்டோன் வரும், தோள் வராது.

தசை வளர உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் தேவை. 80 கிலோ ஆளுக்கு 128 கிராம். முட்டைக்கு 6 கிராம் என்றால் நாளுக்கு இருபத்தொரு முட்டை! நகரச் சின்னத்தையே அவித்தாலும் காணாது. அடுத்த வழி, இங்கே எல்லாக் கடையிலும் அரைக் கிலோ டப்பாவில் கிடைக்கும் மாகர்குவார்க், கொழுப்பில்லாத தயிர்க்கட்டி. டப்பாவைக் காலி செய்தால் 60 கிராம் புரதம். கூடவே 20 கிராம் மாவுச்சத்தும் வரும். கறார் கீட்டோக்காரனின் அன்றைய கோட்டா அதோடு முடிந்தது. தக்காளியைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

ஜிம்மில் பெஞ்சின் மேல் துண்டு விரிக்காமல் படுக்கக் கூடாது. துண்டு விஷயத்தில் தமிழனுக்குப் பாடம் தேவையில்லை. தோளில் போட்டுக்கொண்டு கம்பீரமாகத்தான் நுழைந்தேன். பக்கத்தில் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி தரையிலிருந்து பார்பெல்லைத் தூக்கி வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எனக்காக அதிலிருந்து இரண்டு தட்டுகளைக் கழற்றினார். கேட்கவே இல்லை, பார்வையிலேயே எடை போட்டுவிட்டார்.

பொங்கல் விழாவில்தான் உண்மையான சோதனை. பரிமாறிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து அன்ரி கரண்டியோடு நின்றார்.

"என்ன தம்பி, சோறு வேண்டாமோ?"

"கீட்டோ அன்ரி."

"ஐயோ, அது என்ன வருத்தம்? டொக்டரிட்ட காட்டினீங்களோ?"

விளக்கி முடிப்பதற்குள் தட்டில் சர்க்கரைப் பொங்கல் விழுந்திருந்தது. "நோயாளி மெலியக் கூடாது" என்று மேலே ஒரு கரண்டி நெய்யும் ஊற்றினார். நெய் மட்டும் விதிக்கு உட்பட்டது.

கொழுப்பு குறைந்து தசை ஏறுமா என்றால், ஏறும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில் இளைஞர்களுக்குக் கலோரியை நாற்பது சதவீதம் குறைத்து, நான்கு வாரம் கடுமையாகப் பயிற்சி கொடுத்தார்கள். எடையில் கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் சாப்பிட்ட குழு சராசரியாக 4.8 கிலோ கொழுப்பை இழந்து, 1.2 கிலோ கொழுப்பற்ற எடையைக் கூட்டியது. அவர்கள் கீட்டோவில் இல்லை. வேலை செய்தது புரதமும் தூக்கிய இரும்பும். கீட்டோ பசியை அடக்கும், அந்த வகையில் உதவும். தசை போடுவது அதன் வேலை இல்லை. எனக்குத் தோள் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றால், அந்தப் புண்ணியம் குவார்க்குக்கும் பாட்டிக்கும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தட்டிலிருந்து சோற்றைத் தள்ள வேண்டாம். உங்கள் மருந்தின் அளவு அந்தச் சோற்றையும் கணக்கில் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.