பிள்ளையை ஏத்தி விடுவீங்களோ?

பருத்தித்துறை பஸ் நிலையத்தடியில் ஓட்டோக்காரத் தம்பி ஒருவரிடம் இங்கிலாந்துக் கதை ஒன்று சொன்னேன். அங்கே வாடகைக்கார் ஓட்டும் அனுமதியைத் தருவதும் பறிப்பதும் உள்ளூர்ச் சபை. (லண்டனில் மட்டும் அதற்குத் தனி நிர்வாகம்.) சாரதி தக்கவராகவும் நேர்மையானவராகவும் இருக்கவேண்டும் என்கிறது 1976ஆம் ஆண்டுச் சட்டம். யார் தக்கவர் என்று மட்டும் சொல்லவில்லை. ஆகவே உறுப்பினர் சிலர் மேசைக்குப் பின்னால் அமர்ந்து, முறைப்பாடுகளையும் பழைய வழக்குகளையும் புரட்டுவார்கள். 2020இல் அரசாங்கம் அவர்களுக்கு ஒரு கேள்வியையும் எழுதிக் கொடுத்தது: உங்களுக்கு வேண்டிய ஒருவரை, இரவோ பகலோ, இந்த மனிதரின் காரில் தனியே அனுப்புவீர்களா? சந்தேகம் வந்தால் அது சாரதிக்குச் சாதகமாகக் கூடாது. தீர்ப்புப் பிடிக்காவிட்டால் 21 நாளுக்குள் நீதவானிடம் போகலாம்.

தம்பி சிரித்தார். "இதுக்கொரு கொமிட்டியோ அண்ணை? எங்கடை ஆச்சிமார் ஒரு நிமிசத்திலை முடிக்கிற அலுவல்!"

உண்மைதான். "தம்பி ஆற்றை மோன்? புலோலியோ, தும்பளையோ?" விசாரணை அவ்வளவுதான். சாரதி அனுமதிப்பத்திரம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் தருவது. பேத்தியை ரியூசனுக்கு ஏற்றும் அனுமதி ஆச்சி தருவது. இரண்டாவதற்கு மேன்முறையீடு இல்லை.

"அண்ணை, அந்தக் கேள்வியைச் சபைக்கு வோட்டுக் கேட்டு வாறவையிட்டையும் கேக்கலாமோ?"

நான் தட்டைவடை வாங்கப் போய்விட்டேன்.