எங்கள் ஊருக்குத் தப்பிய பையன்

கீழ்பென்னாத்தூரில் பிறந்தவனுக்கு ‘நான் யார்’ என்று தனியாக உட்கார்ந்து யோசிக்கும் சிரமம் கிடையாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் போதும். யாருடைய பேரன், பத்தாவதில் கணக்குக்கு எவ்வளவு மார்க், பெண் பார்க்கப் போன இடத்தில் என்ன ஆயிற்று என்பது வரை மூன்று பேர் சேர்ந்து சொல்லிவிடுவார்கள். டீக்குக் காசு நம்முடையது.

இதே கேள்வியால் உலகம் முழுக்கப் பெயர் பெற்ற ரமணர் பக்கத்துத் திருவண்ணாமலையில்தான் இருந்தார். எங்கள் ஊர் வழியாக நடந்து வந்திருக்க வேண்டியவர், வராமல் போய்விட்டார் என்பது என் நெடுநாள் மனக்குறை.

1896 ஆகஸ்ட் 29. மதுரையில், பின்னாளில் ரமணர் ஆகப்போகிற வெங்கடராமன் என்கிற 16 வயதுப் பையன். பாடம் படிக்காததற்குத் தண்டனையாக, ஆங்கில இலக்கணத்தை மூன்று முறை எழுத வேண்டும். இரண்டு முறை எழுதியதும் போதும் என்று தோன்றிவிட்டது. ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்ப எழுந்தான். (அந்தச் சாக்கு அப்போதே இருந்திருக்கிறது!) அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டோடு ஒரு கடிதமும் வைத்தான். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு.

கையில் கிடைத்த அட்லஸ் பழையது. அதன்படி திருவண்ணாமலைக்குக் கிட்டத்து ஸ்டேஷன் திண்டிவனம். டிக்கெட் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. அங்கே இறங்கி மேற்கே நடந்திருந்தால் செஞ்சி, அதைத் தாண்டினால் நாங்கள்தான். ரயிலில் கூட வந்த ஒரு மௌல்வி காரியத்தைக் கெடுத்தார். விழுப்புரத்தில் மாறினால் திருவண்ணாமலைக்கே ரயில் உண்டு என்றார். வீட்டில் ஒருவரையும் கேட்காமல் கிளம்பியவன், இதைக் கேட்டுக்கொண்டான். ‘சொந்த புத்திக்காரர்’ என்று எங்கள் ஊரில் பெயரெடுத்த யாரையாவது அந்தப் பெட்டியில் ஏற்றியிருந்தால், ‘புத்தகத்திலேயே போட்டிருக்கு’ என்று திண்டிவனம் வரை சண்டை போட்டுக்கொண்டே வந்திருப்பார்.

வழியில் கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கி, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். மீட்பதற்கு வாங்கிய சீட்டை உடனே கிழித்துப் போட்டாயிற்று. மிஞ்சிய காசு குளத்தில். நகைக்கடன் தள்ளுபடிக்குக் காத்திருக்கும் எங்களிடம் இதைச் சொன்னால் நம்புவதற்கு ஆள் கிடைக்காது.

1902-ல், ரமணர் இருந்த விரூபாட்ச குகைக்குப் போய் ‘நான் யார்?’ என்று அவரிடம் கேட்டவர் சிவப்பிரகாசம் பிள்ளை. ரமணர் பேசாதிருந்த காலம் அது; பதிலெல்லாம் சைகையிலும் எழுத்திலும்தான். பிள்ளைக்கு வேலை வருவாய்த் துறையில். சாதி, வருமானம், இருப்பிடம் என்று நாம் யார் என்பதற்கு இன்றைக்குச் சான்றிதழ் தருகிற அதே துறை! சான்றிதழ் தருகிற இடத்தில் இருப்பவருக்கே சந்தேகம் வந்தால் என்ன ஆகும் என்கிறீர்களா? சில வருஷம் கழித்துப் பிள்ளை வேலையை ராஜினாமா செய்துவிட்டார்.