காகிதத்துக்கு மோட்சம்

அத்திப்பட்டு ரயில் நிலையத்தருகே, டீக்கடை வாசலில் ஒட்டிய சதுரக் கட்டத்தைக் கைப்பேசியால் தரிசித்தவுடன், ‘பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது’ என்று சிறு பெட்டியொன்று ஊரறியக் கட்டியம் கூறும் இந்தப் பொற்காலத்தில், 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் அடைந்த மோட்சத்தை மற்ற நோட்டுகளும் சீக்கிரமே எய்தவேண்டுமென்பது நம் பிரார்த்தனை. காந்தியடிகளைச் சுமந்தபடி மேஜைக்கடியில் கைமாறும் அவமானம் அவற்றுக்கு இனி எதற்கு?

நூலகப் புத்தகங்களுக்கும் இதே க்ஷேமம் சித்தித்து வருகிறது. இரவல் கேட்பாரின்றி, எச்சில் விரல் படாமல், அவை அலமாரியில் யோகநித்திரை புரிகின்றன. எடுத்த புத்தகத்தைத் திருப்பித் தராத துஷ்ட வர்க்கமும் பூண்டற்றுப் போயிற்று. ஆயினும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் புண்ணியத்தால், வீட்டுவரியோடு நூலக வரி மட்டும் நித்திய இளமையுடன் வசூலாகிறது. அதையும் கைப்பேசியிலேயே செலுத்திவிடலாம். ரசீதை மட்டும் காகிதத்தில் அச்சிட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லதென்று விஷயமறிந்தவர்கள் சொல்கிறார்கள்.